வீட்டு போட்டோ பிரிண்டரில் மை கசிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மை கசிகிறது என்று ஒருவர் சொல்லும்போது அது நான்கைந்து வெவ்வேறு கோளாறுகளில் எதுவாகவும் இருக்கலாம். பிரிண்டருக்கு அடியில் மை குளம் கட்டி நிற்பதையும் கசிவு என்கிறோம், படத்தின் ஓரத்தில் கரிய இழுப்பு விழுவதையும் கசிவு என்கிறோம்; இரண்டுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. கீழே உள்ள பதில்கள் வீட்டில் புகைப்படம் அச்சிடப் பயன்படும் இங்க்ஜெட் பிரிண்டர்களுக்கு உரியவை. எப்சன் எல் வரிசை, கேனான் ஜி வரிசை போன்ற மைத்தொட்டி பிரிண்டர்களுக்கும், கார்ட்ரிட்ஜில் ஓடும் சிறிய பிரிண்டர்களுக்கும் பொருந்தும்.

பிரிண்டரைத் தூக்கியபோது மேசையில் மை தேங்கியிருந்தது. உடனே என்ன செய்ய வேண்டும்?

பிரிண்டர் இயங்கிக்கொண்டிருந்தால், சுவர் சுவிட்சைத் தட்டாமல், பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தியே அணைக்க வேண்டும். அப்படி அணைத்தால்தான், மையைத் தாளின்மேல் தெளிக்கும் பாகமான ஹெட் தன் இருப்பிடத்துக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்காரும். நடுவழியில் நின்றுவிட்ட ஹெட்டிலிருந்து மை சொட்டவும் கூடும், அதன் துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளவும் கூடும். மை பின்பக்கம் வரை, அதாவது மின்கம்பி செருகும் இடம் வரை பரவியிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு: அப்போது பிரிண்டரைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுத்துவிட வேண்டும்.

பிறகு பிரிண்டரைச் சாய்க்காமல் தட்டையாகவே தூக்கி, பல மடிப்பாகப் போட்ட செய்தித்தாளின் மேல் வையுங்கள். அடியில் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் பலரும் அதைப் பக்கவாட்டில் கவிழ்க்கிறார்கள். அடித்தட்டில் மட்டும் தேங்கியிருந்த மை அந்த நொடியில்தான் சர்க்யூட் போர்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஹெட் கிளீனிங்கை (பிரிண்டர் தானே ஹெட்டின் துளைகளைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையை) இப்போது ஓடவிடவே கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு கிளீனிங்கும் மேலும் கொஞ்சம் மையை உறிஞ்சிக் கீழே தள்ளும். மேசையை முழுவதும் துடைத்துவிடுவதற்கு முன், தேங்கிய மையில் ஒரு வெள்ளை டிஷ்யூவைத் தொட்டெடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிறம் அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

கசிந்த மையின் நிறத்தை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

டிஷ்யூவில் ஒட்டியது தெளிவான ஒற்றை நிறமாக, மெஜந்தாவாகவோ மஞ்சளாகவோ இருந்தால், அந்த நிறத்துக்குரிய தொட்டி, குழாய், டம்பர் (குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள சிறு மை அறை), கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் கசிவு இருக்கிறது. எல்லா நிறங்களும் கலந்து கருநீலமும் பழுப்புமாகக் குழம்பியிருந்தால், அது ஹெட்டைக் கடந்து வெளியே வந்துவிட்ட கழிவு மை. மேசை வரை வந்து தேங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் என்பது என் கணிப்பு. தொட்டி உடைந்துவிட்டது என்று பதறி வருகிறவர்களில் பலருடைய தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கறுப்பு மட்டும் ஏமாற்றும். கழிவு மையும் பார்வைக்குக் கறுப்பாகவே தெரியும். நனைத்த டிஷ்யூவின் ஓரத்தில் ஒரு சொட்டை வைத்துச் சில நிமிடம் பரவவிட்டால், கழிவு மையாக இருக்கும் பட்சத்தில் நிறங்கள் பிரிந்து மஞ்சள், சியான், மெஜந்தா வளையங்கள் ஓரங்களில் தெரியும். ஆனால் சாய வகைக் கறுப்பு மையே (திரவத்தில் கரையும் சாயத்தால் ஆனது; கரையாத நிறத்துகள்களால் ஆனது பிக்மென்ட் மை) பல சாயங்களின் கலவையாக இருப்பதுண்டு என்பதால், புட்டியிலிருந்து எடுத்த கறுப்பு மையின் ஒரு சொட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

நிறத்தோடு இடத்தையும் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் ஹெட் வலப்பக்கத்தில் போய் நிற்கும். அதன் கீழேயோ பின்புற மூலையிலோ கலப்பு மை தெரிந்தால் கழிவுப் பாதையில் கோளாறு என்று கொள்ளலாம். தாள் போகும் பாதையின் நடுவில் மட்டும் மை இருந்தால் அது ஹெட்டிலிருந்து சொட்டியது அல்லது ஓரமில்லாப் படங்கள் விட்டுச்சென்றது.

நான் மையை வீணாக்குவதே இல்லை. இவ்வளவு கழிவு மை எங்கிருந்து வருகிறது?

பிரிண்டர் தானாகவே வெளியேற்றுவது அது. புதிதாக வாங்கி முதன்முறை மை ஏற்றும்போது குழாய்களில் உள்ள காற்றை விரட்ட ஒரு பகுதி மை ஹெட் வழியாக வெளியே இழுக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு ஹெட் கிளீனிங்கிலும், சில நாள் சும்மா இருந்துவிட்டு மீண்டும் இயக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. அது எல்லாம் ரப்பர் மூடியின் அடியில் உள்ள சிறு பம்பு வழியாக, பிரிண்டரின் அடியிலோ பின்னாலோ வைத்திருக்கும் கம்பளிபோன்ற கனமான பேடில் போய் ஊறுகிறது. ஓரம் விடாமல் அச்சிடும்போது தாளின் விளிம்பைத் தாண்டித் தெறிக்கும் மைக்கும் தாள் பாதையில் தனியாகப் பஞ்சு வைத்திருப்பார்கள்.

இந்தப் பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைப் பல பிரிண்டர்கள் அளந்து பார்ப்பதில்லை. எத்தனை முறை எவ்வளவு மை அனுப்பினோம் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. கணக்கு வரம்பைத் தொட்டதும் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். எப்சனில் பேடின் ஆயுள் முடிந்தது என்று கணினியில் செய்தி வரும், பழைய மாடல்களில் விளக்குகள் மாறி மாறி மின்னும். கேனானில் முதலில் 1700 என்ற எச்சரிக்கையும், பொருட்படுத்தாமல் விட்டால் 5பி00 என்ற பிழையும் வரும். சிறு திரை உள்ள மாடல்களில் அது பி07 என்று தெரியும்.

கடையில் ‘ரீசெட்’ செய்து தந்தார்கள். சில மாதம் நன்றாக ஓடியது, இப்போது அடியில் ஒழுகுகிறது. ஏன்?

ரீசெட் என்பது அந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது மட்டுமே. பேட் மாற்றப்படவில்லை என்றால், ஊறி நிறைந்த பேடின்மேல் பிரிண்டர் இன்னொரு முழு ஆயுளுக்கான மையை நம்பிக்கையோடு ஊற்றிக்கொண்டே இருக்கும், அதற்கு இடமில்லாதபோது மை தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே வரும்.

என் வீட்டிலிருந்த பழைய ஆறு வண்ணப் பிரிண்டருக்கும் இதுதான் நடந்தது. விளக்குகள் மின்னத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த ஒரு கடையில் கொடுத்தேன்; கால் மணி நேரத்தில் சரியாகித் திரும்பி வந்தது. கால் மணி நேரத்தில் யாரும் அதைப் பிரித்துப் பேடை மாற்றியிருக்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சில மாதம் கழித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்த ரேஷன் கார்டின்மேல் கருநீல மை சொட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

ஆகவே ரீசெட் செய்யக் கொடுக்கும்போதே பழைய பேடைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே வேலை நடந்ததா என்று தெரிந்துவிடும். சில மாடல்களில் பேட் இருக்கும் தட்டு பின்பக்கம் ஒரு திருகைக் கழற்றினால் இழுத்தெடுக்கும்படி அமைந்திருக்கும். வேறு சிலவற்றில் பிரிண்டரின் மேல்பாகம் முழுவதையும் பிரித்தாக வேண்டும். முதல் வகையை வீட்டிலேயே செய்யலாம், இரண்டாம் வகையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. புதிய பேட் கிடைக்காத பழைய மாடல் என்றால், பழையதையே ஓடும் நீரில் நிறம் விடுவது நிற்கும் வரை கழுவி, பிழிந்து, முழுவதும் காய வைத்துப் போடலாம். காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் கூடும்; பாதி காய்ந்த பேடைப் போடுவதில் பயனில்லை.

கழிவுக் குழாயை வெளியே இழுத்து ஒரு புட்டியில் விடும் முறையும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் புட்டி பிரிண்டருக்குக் கீழ்மட்டத்தில் இருக்க வேண்டும், மூடியில் காற்று போகத் துளை இருக்க வேண்டும், குழாய் எங்கும் மடங்கக் கூடாது. காற்றுத் துளை இல்லாத புட்டியில் அழுத்தம் ஏறினால் மை போக வழியின்றி ஹெட்டின் அடியிலேயே தேங்கும்.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் பேடைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எப்சன் எல்8160, எல்8180, கேனான் ஜி570 போன்ற ஆறு வண்ண மாடல்களில் கழிவு மை ஒரு சிறு பெட்டிக்குள் சேர்கிறது. நிறைந்தால் பழையதை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், கடைக்குப் போகும் தேவையே இல்லை.

ஒற்றை நிறம் மட்டும் கசிகிறது. தொட்டியில் என்ன கோளாறு இருக்கலாம்?

இதற்குப் பதில் சொல்லுமுன், சாதாரணமாக ஏன் கசிவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹெட்டின் அடியில் உள்ள துளைகளுக்கு மூடியோ வால்வோ கிடையாது. அச்சிடும்போது அவை திறந்தபடியே தாளின்மேல் ஓடுகின்றன. மை கீழே விழாமல் நிற்பதற்கு, துளைகளின் வாயில் இருக்கும் பரப்பு இழுவிசையும், மைத்தொட்டி ஹெட்டைவிடச் சற்றுத் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதால் உண்டாகும் மெல்லிய பின்னிழுப்பும்தான் காரணம். கார்ட்ரிட்ஜ் வகையில் உள்ளே இருக்கும் பஞ்சு இதே பின்னிழுப்பைத் தருகிறது. இந்தப் பிடி தளர்ந்தால், எதுவும் உடையாமலேயே மை சொட்டத் தொடங்கும்.

பிரிண்டருக்கு வெளியே தனியாகத் தொட்டி பொருத்தி, குழாய் வழியாக மை கொடுக்கும் அமைப்பை வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை இங்கேதான் வருகிறது. மேசையில் இடமில்லை என்று தொட்டியைப் பிரிண்டரின் தலைமேலோ பக்கத்து அலமாரியிலோ வைத்துவிடுகிறார்கள். தொட்டி ஹெட்டைவிட உயரமானதும் பின்னிழுப்பு போய், மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதுபோல மை தானே இறங்கி ஹெட் வழியாகச் சொட்டும். பிரிண்டர் நிற்கும் அதே மேசையில், அதே மட்டத்தில் தொட்டி இருக்க வேண்டும்.

தயாரிப்பு நிறுவனமே தொட்டி வைத்துக் கொடுத்த மாடல்களில் பார்க்க வேண்டியவை குறைவு. மேல்கோட்டைத் தாண்டி மை ஊற்றினால் அது காற்று வழிக்குள் ஏறிக் கசியும். மூடி சரியாக அழுந்தாமல் இருக்கலாம். பிரிண்டரைச் சாய்த்து எடுத்துச் சென்றிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் குழாய் தொட்டியோடு இணையும் இடத்தையும், எப்சன் வகையில் ஹெட்டின்மேல் உட்காரும் டம்பரையும் பார்க்க வேண்டும். டம்பரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் மை வெளியே வருவதற்கு முன் காற்று உள்ளே போவதே வழக்கம்; குழாயில் நீளமான காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

அச்சிடாமலேயே தொட்டியில் மை குறைகிறது. வெளியில் எங்கும் கசிவு தெரியவில்லை.

இரவில் தொட்டியின்மேல் ஒரு காகித நாடாவை ஒட்டி மை மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே இரவில் தெளிவாக இறங்கியிருந்தால் மை ஹெட் வழியாக ரப்பர் மூடிக்குள் ஒழுகி, அங்கிருந்து பேடுக்குப் போகிறது. எல்லா நிறமும் இறங்கினால் தொட்டியின் உயரம் தவறு. ஒன்று மட்டும் இறங்கினால் அந்த நிறத்தின் மூடி, டம்பர் இரண்டையும் பார்க்க வேண்டும். வெளியே தெரியாத இந்தக் கசிவு சில வாரங்களில் பேடை நிறைத்துவிடும்.

கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சால் மை நிரப்பிய பிறகு சொட்டிக்கொண்டே இருக்கிறது.

அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள். பஞ்சு முழுவதும் நிரம்பி வழிந்தால் பின்னிழுப்பு இருக்காது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மடித்த டிஷ்யூவின்மேல் சில நிமிடம் வைத்தால் மிகுதி இறங்கிவிடும். பிறகு புதிய டிஷ்யூவில் மெல்ல அழுத்தி எடுத்தால் மூன்று நிறங்களும் மூன்று தனித்தனிக் கோடுகளாகப் பதிய வேண்டும். கோடுகள் கலந்திருந்தால் உள்ளே ஒரு நிறம் இன்னொன்றின் அறைக்குள் போயிருக்கிறது, அந்தக் கார்ட்ரிட்ஜால் இனி நல்ல புகைப்படம் எடுக்க முடியாது.

நிரப்பிய துளைகளின்மேல் காற்றே புகாதபடி டேப் ஒட்டுவதும் தவறு. காற்றுவழி அடைத்தால் முதலில் அச்சு மங்கும். வெயிலில் அறை சூடாகி உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விரியும்போது அதே கார்ட்ரிட்ஜ் மையைக் கீழே தள்ளும். எவ்வளவு செய்தும் சொட்டுவது நிற்கவில்லையென்றால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். ஹெச்.பி.யின் சிறிய மாடல்களில் ஹெட்டே கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து வருவதால், புதியது போட்டால் ஹெட்டும் புதிதாகிவிடும்.

சாதாரணத் தாளில் கறை இல்லை, போட்டோ தாளில் மட்டும் மை ஈஷுகிறது. இதுவும் கசிவா?

பெரும்பாலும் இல்லை. எல்805 போன்ற ஒரு ஆறு வண்ணப் பிரிண்டரின் மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர், ஒரு சாதாரணச் சொட்டை 0.05 மில்லி என்று கொண்டால், அதில் இப்படிப்பட்ட துளிகள் மூன்று கோடிக்கு மேல் அடங்கும். ஆகவே படத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரியும் வட்டச் சொட்டு விழுந்திருந்தால்தான் ஹெட் சொட்டுகிறது என்று பொருள். கோடாக இழுபட்ட கறைக்கும் முழுப் படமும் காயாமல் ஈஷுவதற்கும் காரணம் தாளில் இருக்கும்.

முதலில் தாளின் பக்கம். பளபளப்புத் தாளில் ஒரு பக்கத்தில்தான் மையை உறிஞ்சும் பூச்சு உண்டு; மறுபக்கத்தில் அச்சிட்டால் மை உறிஞ்சப்படாமல் மேலேயே குட்டை கட்டும். விரலை ஈரமாக்கி மூலையில் தொட்டால் பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். அடுத்து தாளின் வளைவு. 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் பொட்டலத்தைத் திறந்தபடி விட்டால் ஈரக்காற்றில் ஓரங்கள் மேலெழும். கிட்டத்தட்ட உரசும் உயரத்தில் ஓடும் ஹெட் அந்த ஓரத்தில் தட்டி, தன் அடியில் ஒட்டியிருந்த மையை அங்கே தேய்த்துவிட்டுப் போகும். 4க்கு 6 அங்குலப் படங்களில் முதல் அல்லது கடைசி ஓரத்தில் மட்டும் கரிய இழுப்பு வருவது இதனால்தான். தாளை எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்துத் தட்டையாக்குங்கள். கணினியில் உள்ள பிரிண்டர் டிரைவரில், அதாவது அச்சு அமைப்புகளில், கனமான தாளுக்குரிய அல்லது உராய்வைத் தடுக்கும் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். 260, 270 ஜி.எஸ்.எம். தாளுக்கு இது கட்டாயம்.

படத்தின் பின்பக்கம் அழுக்கானால், ஓரமில்லா அச்சில் தெறித்த மை தாள் பாதையில் படிந்திருக்கிறது என்று பொருள். ஈரத்துணியால் அங்குள்ள பிளாஸ்டிக் மேடுகளை மட்டும் துடைக்க வேண்டும், பஞ்சை அழுத்தக் கூடாது. படம் ஒரு நாள் ஆகியும் காயவில்லையென்றால் தாளின் வகையை டிரைவரில் தவறாகக் கொடுத்திருக்கலாம், அல்லது சாய மை போட வேண்டிய பிரிண்டரில் பிக்மென்ட் மையை ஊற்றியிருக்கலாம். பிக்மென்ட் துகள்கள் பல பளபளப்புத் தாள்களின் மேற்பரப்பிலேயே நின்று, தொட்டால் கையோடு வரும்.

ஹெட் நிற்கும் இடத்தில் மை தேங்கி நிற்கிறது.

கழிவுக் குழாய் கழன்றிருக்கிறது அல்லது உலர்ந்த மையால் அடைத்திருக்கிறது. ஹெட்டை நகர்த்திவிட்டு, அந்த ரப்பர் மூடிக்குள் சிரிஞ்சால் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரே ஒரு கிளீனிங் ஓடவிடுங்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் பாதை சரி. அப்படியே நின்றால் மேலும் கிளீனிங் செய்யாமல் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பக்கத்திலிருக்கும் ரப்பர் வைப்பரில் முடியோ நூலோ சிக்கியிருந்தால் ஹெட்டின் அடியில் மை ஒட்டி, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கோடு விழும்.

கசிவுக்குப் பிறகு அச்சு மங்குகிறது. எத்தனை முறை ஹெட் கிளீனிங் செய்யலாம்?

தொடர்ச்சியாக மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் நாசில் செக் (எந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் பிரிண்டரை அணைத்து அரை நாள் விட்டால் குமிழ்கள் தாமாகவே அடங்குவதுண்டு. எப்சனில் உள்ள பவர் கிளீனிங் கடைசி ஆயுதம்: அதற்கு எல்லாத் தொட்டிகளிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மை இருக்க வேண்டும், அது வெளியேற்றும் மை முழுவதும் பேடுக்கே போகும்.

மை துடைத்த பிறகு ஹெட் ஓரத்தில் போய் இடித்துச் சத்தம் போடுகிறது.

ஹெட் ஓடும் பாதைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் நாடா இருக்கும். அதிலுள்ள நுண்ணிய கோடுகளை எண்ணித்தான் ஹெட் தன் இடத்தை அறிகிறது. அதில் மை பட்டால் கணக்குத் தவறும். நூல் பிரியாத துணியில் தண்ணீர் தொட்டு மிக மெல்லத் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கோடுகள் அழிந்துவிட்டால் நாடாவையே மாற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே மை பட்ட பிரிண்டருக்கு மீண்டும் மின்சாரம் கொடுப்பது ஆபத்தா?

ஈரம் இருக்கும்போது கொடுத்தால் ஆபத்துதான். மை மின்சாரத்தைக் கடத்தும். ஹெட்டுக்குப் போகும் தட்டையான வெள்ளைக் கேபிளின் முனையில் ஒரு சொட்டு மை இருந்தாலே ஹெட்டும் மதர்போர்டும் சேர்ந்து எரிந்துபோகலாம். தொட்டியைச் சரிசெய்துவிட்டு அவசரமாக ஆன் செய்யும்போது நேரும் பெரிய நஷ்டம் இதுவே. கேபிள் முனையைக் கழற்றித் துடைத்து முழுவதும் உலரவிட வேண்டும். பவர் சப்ளைக்குள் மை போயிருந்தால் வீட்டில் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கையிலும் தரையிலும் பட்ட கறை போகுமா?

கையில் பட்டது சோப்பிலும் நாளிலும் போய்விடும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கழுவி மருத்துவரைப் பாருங்கள். டைல்ஸ் தரையில் பட்ட சாய மை நீர்த்த பிளீச்சில் வெளுக்கும். அதே இடத்தில் ஆசிட் வகைக் கிளீனரைச் சேர்த்து ஊற்றினால் நச்சு வாயு வரும். பிக்மென்ட் மை காயுமுன் துடைத்தால்தான் உண்டு.

வீடு மாற்றும்போது பிரிண்டரை எப்படி எடுத்துச் செல்வது?

பொத்தானால் அணைத்து, ஹெட் வலது ஓரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டி மூடிகளை அழுத்தி மூடுங்கள். உங்கள் மாடலில் மை ஓட்டத்தை நிறுத்தும் பூட்டோ நெம்புகோலோ இருந்தால் அதை மூடும் நிலைக்குத் திருப்புங்கள். பிரிண்டரையும் அதோடு இணைந்த தொட்டியையும் பிரிக்காமல், பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அட்டைப்பெட்டியில் தட்டையாக வைத்து, மேற்பக்கம் எது என்று நான்கு புறமும் எழுதுங்கள். லாரியில் ஏற்றுபவர்கள் அதைப் படிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். முடிந்தால் உங்களோடு வண்டியில், இருக்கையில் அல்லாமல் கால் வைக்கும் இடத்தில், நிமிர்ந்தபடி கொண்டுபோங்கள். புது வீட்டில் சமமான மேசையில் வைத்து, பூட்டைத் திறந்து, சில மணி நேரம் அப்படியே விட்டபிறகு நாசில் செக் எடுங்கள். குழாயில் காற்று தெரிந்தால் அன்றைக்குப் படம் எதுவும் அச்சிடாமல் மறுநாள் மீண்டும் பாருங்கள்.